அஸ்டெக் கட்டுரை: நெய்தவர்கள் எங்கே?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த, பழைய மெக்சிகோவின் அஸ்டெக் சமுதாயம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நரபலியோடு நிறுத்திவிடாமல் மக்களின் பிரிவுகளையும் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் கூடவே போட்டிருந்த முக்கோணப் படம்தான் மனதை உறுத்துகிறது. உச்சியில் அரசர், அப்புறம் பிரபுக்கள், பூசாரிகள், வீரர்கள், வணிகர்கள், குடியானவர்கள், அடியில் அடிமைகள். வரலாற்று ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் இதே படத்தைப் பல வருஷம் போர்டில் வரைந்திருக்கிறேன். அதில் பெண்களுக்கு இடமே இல்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு, 1540களில், அங்கிருந்த ஓவியர்களே வரைந்து கொடுத்த மெண்டோசா சுவடி இன்று ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பை அதில் வயது வாரியாக வரைந்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரை ரொட்டி, நான்கு வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. பதின்மூன்று வயதுப் பையன் படகில் நாணல் ஏற்றி வருகிறான். பெண்பிள்ளை அம்மிபோன்ற கல்லில் மக்காச்சோளம் அரைக்கிறாள். பதினான்கில் அவன் ஏரியில் மீன் பிடிக்கிறான், அவள் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். தறி என்றால் பெரிய மரச்சட்டம் இல்லை. ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்பில் வார் போட்டு இழுத்துப் பிடித்து நெய்வது. குடியானவர் வீட்டில் மட்டுமல்ல, பிரபுக்களின் வீட்டுப் பெண்களும் நூற்றார்கள், நெய்தார்கள். முக்கோணத்தின் எந்தப் படியில் பிறந்தாலும் பெண்ணுக்கு இந்த வேலை உண்டு.

நெய்த துணி வீட்டு உபயோகத்தோடு நிற்கவில்லை. அடங்கிய ஊர்கள் தலைநகருக்குக் கட்டிய கப்பத்தில் பருத்தித் துணி மூட்டை மூட்டையாகப் போனது. அதே மெண்டோசா சுவடியின் கப்பப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 'குவாச்ட்லி' என்ற வெள்ளைத் துணி சந்தையில் பணமாகவே செல்லுபடியானது; சில்லறைக்குக் கொக்கோ விதை. போர்வீரனுக்குப் பரிசு, விருந்தாளிக்கு மரியாதை, எல்லாம் துணிதான். ஆனால் குடியானவர்கள் பருத்தி உடுத்தக் கூடாது, கற்றாழை நார் ஆடைதான் அணிய வேண்டும், அதுவும் முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று முதலாம் மொக்டெசுமா என்ற அஸ்டெக் அரசர் காலத்தில் சட்டம் போட்டதாக துரான் என்ற ஸ்பானியத் துறவி எழுதியிருக்கிறார். நாள் முழுக்கப் பருத்தி நெய்து கப்பம் கட்டிய பெண்ணுக்கு அந்தத் துணி சட்டப்படி ஆகாது. கட்டுரையில் இந்த ஒரு வரி வந்திருந்தால், அங்கே மேல் எது கீழ் எது என்று வாசகர்களுக்குத் தானாகவே விளங்கியிருக்கும்.

அடிமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கோணத்தின் அடியில் 'அடிமை' என்று போட்டால், அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் சங்கிலியில் கிடந்தவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அஸ்டெக்குகளிடம் அடிமைத்தனம் பிறப்பால் வந்ததில்லை. அடிமையின் பிள்ளை சுதந்திரமானவன். அடிமை சொத்து வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், விலை கொடுத்து விடுதலையும் பெறலாம். சூதாட்டக் கடனிலோ பஞ்சத்திலோ தன்னையே விற்றுக்கொண்டவர்கள் பலர். 1454-ஐ ஒட்டிய கொடும் பஞ்சத்தில், மக்காச்சோளத்துக்காகக் கடலோரத்து டோடோனாக் மக்களிடம் பெற்ற பிள்ளைகளையே விற்றிருக்கிறார்கள். தன்னை விற்றுக்கொள்பவனுக்கு விலையாக இருபது துணி கொடுப்பார்கள், அது தீரும் வரை, சுமார் ஒரு வருஷம், அவன் சுதந்திரமாகத் திரியலாம் என்றும் பழைய குறிப்பு உண்டு. மனிதனுக்குப் போட்ட விலையும் பெண்கள் நெய்த துணியில்தான். இதற்காக அந்த அமைப்பை நான் நல்லதென்று சொல்லவில்லை. சில அடிமைகளை வாங்கிப் பலியிட்டதும் நடந்ததுதான். ஆனால் எல்லா நாட்டு அடிமை முறையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

பிரசவத்தையும் அவர்கள் போராகவே பார்த்தார்கள். குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி போர் முழக்கம் எழுப்புவாள். பிரசவத்தில் இறந்தவளுக்குப் போரில் மடிந்த வீரனுக்கு நிகரான இடம். உச்சிப்பொழுதிலிருந்து மறையும் வரை சூரியனோடு துணை போகிறவர்கள் அந்தப் பெண்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே மருத்துவச்சி பெண் குழந்தையின் தொப்புள் கொடியை அடுப்படியில் புதைக்கச் சொல்வாள். ஆண் குழந்தையுடையது போர்க்களத்துக்குப் போகும்.

இன்னொரு சின்னத் திருத்தம்: அவர்கள் பயிரிட்ட சினாம்பா தோட்டங்கள், கட்டுரையில் வந்ததுபோல், மிதப்பவை அல்ல. ஆழமில்லாத ஏரியில் சேற்றை வாரிக் கட்டிய மேடுகள் அவை.

இதன் தொடர்ச்சி வருமானால் அந்த முக்கோணத்தை எடுத்துவிட்டு, மெண்டோசா சுவடியில் தாய் மகளுக்கு நெசவு சொல்லிக்கொடுக்கும் படத்தை, பக்கத்தில் வரைந்திருக்கும் அந்த இரண்டு ரொட்டிகளும் தெரியும்படி, பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.