நினைவுத்தூணுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா, தங்கை, தம்பிமார்களுக்கும் வணக்கம்ங்க.

இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமென்டில் பணி செய்த நம் பக்கத்து வீரர்களுக்கான நினைவுத்தூண் நல்லபடியாகத் திறந்தாகிவிட்டது. மேடையில் எல்லோருக்கும் நன்றி சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டிய வீட்டுப் பெண்களுக்கு. குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி முடித்த நாளில் எடுத்த படம், டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், எல்லையிலிருந்து வந்த இன்லண்ட் லெட்டர் என்று நம்பிக் கையில் கொடுத்தார்கள். ஓர் ஆத்தா 1971-ல் வந்த தந்தியையே எடுத்து நீட்டினார். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பேரைச் சரியா வெட்டச் சொல்லுங்க சாமி" என்றார், அவ்வளவுதான். அவர்கள் இல்லாமல் தூணில் வெறும் கல்தான் இருந்திருக்கும்.

அடுத்து, அரச்சலூர்ப் பக்கமிருந்து வந்த பெரியவருக்கு. "சின்னமலையைத் தூக்கில் போட்ட கும்பினிக்காரன் படைதானே இது?" என்று கூட்டத்திலேயே கேட்டார். சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலைக்குப் பக்கத்தில் பிறந்தவர் கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும். அவர் கேட்டதால்தான் கல்வெட்டில் வரலாறு முழுசாக வந்திருக்கிறது. 1758-ல் இந்தப் படையைத் திரட்டியது கிழக்கிந்தியக் கும்பினி என்பதில் ஆரம்பிக்கிறது. 1803-ல் கும்பினிப் படை மராத்தியரோடு மோதிய அசாயே போர், அதில் கிடைத்த யானைச் சின்னம். 1805-ல் சங்ககிரியில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது. இரண்டும் ஒரே பலகையில் இருக்கின்றன. முதல் உலகப்போருக்குப் பிறகு மதராஸ் பட்டாளங்களை வெள்ளைக்காரன் ஒவ்வொன்றாகக் கலைத்ததும், இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டபோது திரும்பத் திரட்டியதும் உண்டு. அப்போது பயிற்சி மையம் இருந்தது கோவைப் பக்கம் நம்ம மதுக்கரையில். 1947-ல் வெலிங்டனுக்குப் போனது. அப்புறம் திட்வால், மகராஜ்கே, பசந்தர் போர்க்களங்களில் சுதந்திர நாட்டுக்காகச் சிந்திய ரத்தம். சின்னமலையைக் கும்பிடும் மண்ணில் இந்தத் தூண் நிற்கலாம் என்று நான் மனசாரச் சொல்கிறேன். நடந்ததை மறைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

திருமுருகன்பூண்டி சிற்பிகளுக்குத் தனி நன்றி. கேடயத்தின் மேல் யானை, பின்னால் குறுக்கே இரண்டு வாள். தொப்பி பேட்ஜில் விரல் நகமளவு இருக்கும் அந்த யானையை, கால் மடிப்பு உட்பட, கல்லில் கொண்டுவந்துவிட்டார்கள். பெயர்களைச் சரிபார்த்த தமிழாசிரியை, இடம் ஒதுக்கிய பஞ்சாயத்து, பந்தல் போட்டவர்கள், வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். திரை விலகியதும் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கிய மூத்த ஜவான்களுக்கு என் சல்யூட்.

வாங்கிய படங்களையும் கடிதங்களையும் நகல் எடுத்துவிட்டோம். அசலை வீடு தேடி வந்து கொடுப்போம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் தயங்காமல் சொல்லுங்க. இடது பக்கப் பலகையின் அடியில் அதற்காகவே இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்