இஷிதாவுக்கு, மே 23 அன்று

அன்புள்ள டெட்சுயா இஷிதா சான்,

ஜப்பானின் யாய்சுவில் பிறந்ததையும் முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் படித்ததையும் ஓவியரானதையும் உங்களிடமே ஒப்பிக்கப் போவதில்லை. 2005-இல் இதே நாளில் நீங்கள் இறந்த பிறகு நடந்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியாது. 2009-இல் ஜப்பான் அரசு, கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தரும் ஊதா நாடா விருதைக் கொடுத்தது. 2015-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி. 2019-இல் மாட்ரிட், 2023-இல் நியூயார்க். மாட்ரிட் கண்காட்சியின் பெயரில் ‘தன்னுருவம்’ இருந்தது. நியூயார்க் கண்காட்சியின் பெயரில் ‘பதற்றமான என் சுயம்’.

உங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சோர்ந்த முகம் தொடக்கத்தில் உங்களுடையதுதான், பலவீனமான உங்களையே கேலிசெய்து பார்த்தீர்கள். போகப்போக அது நுகர்வோர், நகரவாசி, தொழிலாளி என்று விரிந்தது. இதை நீங்களே விளக்கியிருக்கிறீர்கள். இருந்தும் நானும் தன்னுருவம் என்றுதான் எழுதுகிறேன். மன்னியுங்கள். ஆனால் அதே குட்டை முடியையும் எங்கோ வெறிக்கும் கண்களையும் படத்துக்குப் படம் வரைந்துவிட்டு, ‘இது நான் மட்டுமில்லை’ என்றால் யார் கேட்பார்கள்?

‘திரும்பப் பெறல்’ (1998) நினைவுக்கு வந்தால் மற்ற படங்கள் பின்னால் போய்விடுகின்றன. ஆளைக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறீர்கள். துக்க உடையில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. குறையுள்ள சரக்கு, கம்பெனிக்கே திரும்புகிறது. நீங்கள் பட்டம் பெற்ற 1996-க்குள், நில விலையும் பங்கு விலையும் ஊதிப்போயிருந்த ஜப்பானின் குமிழிப் பொருளாதாரம் ஏற்கெனவே வெடித்து, புதியவர்களை வேலைக்கு எடுப்பதே குறைந்திருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு தலைமுறையே கிடந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன், அங்கே நீங்கள் மட்டும் இல்லை.

உங்கள் பெரிய படங்கள் பலவும் 145.6 × 206 செ.மீ. 72.8 × 103 அளவுள்ள பி1 பலகை நான்கைச் சேர்த்தால் வரும் அளவு அது. பி1 போஸ்டர் அளவு. டிசைன் படித்தவருக்குக் கைவந்தது. ஆனால் போஸ்டர் வேகம் அதில் இல்லை. நீங்கள் வரைந்த அக்ரிலிக் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தைப் போல ஈரத்திலேயே தேய்த்துக் கன்னத்தின் நிழலைக் கரைக்க முடியாது, மெல்லிய கோடுகளை அடுக்கித்தான் கொண்டுவர வேண்டும். காய்ந்ததும் நிறம் ஒரு படி இருண்டும் போகும். மறுநாள் அதே சாம்பலைக் கலந்து வைத்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அந்தக் கோட் சூட்டுகளில் எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. ஏலக் குறிப்புகளில் இதற்கு ஒரு வரி கிடையாது. சாவுக்கு மட்டும் ஒரு பத்தி.

நீங்கள் இறந்த மச்சிடா ரயில்வே கிராசிங்கைப் பற்றி நான் எழுத மாட்டேன். பலர் படிக்கும் இடம் இது. அன்று என்ன நடந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமையும் இல்லை.

கோபம் வேறு விஷயத்தில். கடைசி ஆண்டுகளின் படங்கள் பலவற்றுக்குத் தலைப்பே இல்லை. அந்த வெற்றிடத்தில் ஆளாளுக்கு உங்கள் முடிவை எழுதி வைக்கிறார்கள். பெட்ரோல் போடும் குழாயை ஆட்களின் வாயில் செருகி, அதற்கு ‘எரிபொருள் நிரப்புவது போன்ற சாப்பாடு’ என்று பெயர் வைத்தவர் நீங்கள். இவற்றுக்கும் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.