கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: அனுமதியோடு வரைபடத்தையும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முன்னோரைத் தேடும் குடும்பங்களுக்காகக் கல்லறைக் கற்களைப் படமெடுத்துத் தரும் தன்னார்வலர்கள் நாங்கள். அனுமதி கேட்டு வந்தால் முதலில் எழும் கேள்வி, "யாருடைய கல்லறை?" என்பதுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கல் உள்ளது, கல் இல்லாதது எல்லாமே எங்களுக்கு வேண்டும். அதற்கு உங்கள் அனுமதியோடு, எந்தக் கல்லறை மனை எங்கே என்று காட்டும் வரைபடமும் அடக்கப் பதிவேடும் ஏன் தேவை என்பதை விளக்கவே இந்த மடல்.

ஒரு பெயரைத் தேடி வந்தவர் அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துப் போனால் பக்கத்துக் கல் விட்டுப்போகும். பல நேரம் விடை அந்தப் பக்கத்துக் கல்லில்தான் இருக்கிறது. மணமாகிப் பெயர் மாறிய மகளையும், பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தையையும், இரண்டாம் மனைவியையும் ஒரே குடும்பம் என்று காட்டுவது அவர்கள் கிடக்கும் இடம். நம் பெயர்களில் இது இன்னும் கூடுதல் சிக்கல். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டும் இருக்கும்போது, அதே பெயர் ஒரே தோட்டத்தில் நாலைந்து இடத்தில் வரும். எது எவர் என்று பிரித்துச் சொல்ல வரிசையும் எண்ணும் வேண்டும்.

உலகப் போர்களில் இறந்த வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும், இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்று அறியப்படும் அமைப்பு 1917-இல் தொடங்கப்பட்டது. அதன் தோட்டங்களில் பிரிவு, வரிசை, எண் என்று கல்லறைக்கு ஒரு முகவரி உண்டு. பதிவேட்டில் பார்த்துவிட்டு நேரே அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கலாம். கைப்பேசியின் ஜிபிஎஸ் இந்த வேலையைச் செய்யாது. வெட்டவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகும். மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் இன்னும் மோசம். கல்லறைகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், 5 மீட்டர் பிசகு என்பது மூன்று கல்லறை தள்ளி இன்னொருவர் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

வேலை இப்படி நடக்கும். இருவராக வருவோம். ஒருவர் படமெடுக்க, மற்றவர் வரைபடத்தில் குறிப்பார். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் பிரிவு, வரிசை, போகும் திசை, தேதி நான்கையும் அட்டையில் எழுதி, அதையே முதல் படமாக எடுப்போம். பிறகு கோப்புகள் கலைந்தாலும் எந்த வரிசை என்று கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு கல்லறைக்கும் குறைந்தது மூன்று படங்கள்: சுற்றுப்புறத்தோடு முழுக் கல்லறை, கல் மட்டும், எழுத்து மட்டும். தூண் வடிவக் கல்லென்றால் நான்கு முகங்களும். கால்மாட்டுக் கல்லில் முதலெழுத்துகள் மட்டும் பொறித்திருக்கலாம். கல்லறையைச் சுற்றிப் பதித்த கரைக்கல்லின் விளிம்பில் இன்னொருவர் பெயர் இருக்கலாம். கல்லின் முதுகைப் பார்க்காமல் நகர்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

கல் இல்லாத மனைக்கும் ஒரு படம் உண்டு. குறிப்பில் "கல் இல்லை" என்று எழுதுவோம். அதைத் தாண்டிப் போனால் எண் ஒன்று நழுவி, வரிசையின் மீதி முழுவதும் பிழையாகிவிடும். கோப்பின் பெயர் "ஆ-07-014-2" என்று அமையும்: ஆ பிரிவு, ஏழாம் வரிசை, பதினான்காம் கல்லறை, இரண்டாம் படம். 500 கல்லறைகளுக்கு 1,500 படங்கள். ஒன்று 4 மெகாபைட் என்றால் மொத்தம் 6 ஜிகாபைட், ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும். கல்லறைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் 90 முடியும். ஆகவே 500 கல்லறைகளுக்கு ஆறு முறை வாசலைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

எந்த நேரத்தில் திறப்பது என்பதும் முக்கியம். நேருக்கு நேர் விழும் வெயிலில் தேய்ந்த எழுத்து மறைந்துபோகும். பக்கவாட்டில் உரசிப்போகும் வெயிலில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். கிழக்கு பார்த்த கல்லுக்கு அந்த வெயில் நண்பகலுக்குச் சற்று முன், வெளிச்சம் கல்லின் முகத்தை விட்டு விலகப்போகும் நேரத்தில் கிடைக்கும். மேற்கு பார்த்ததற்கு நண்பகல் தாண்டியதும். "காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டுப் போங்கள்" என்றால் நாங்கள் தயங்குவது இதனால்தான்.

வெயிலே படாத கல்லுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வெயிலில் பிடித்து, ஒளியைக் கல்லின் பக்கவாட்டில் திருப்புவோம். ஒளிக்கும் கல்லின் முகத்துக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி போதும். உடையாத அக்ரிலிக் கண்ணாடியே கொண்டுவருவோம். மேகமூட்டமான நாளில் கைவிளக்கும், மற்ற வெளிச்சத்தை மறைக்க ஒரு குடையும் போதும். மெருகேற்றிய கறுப்புக் கல்லுக்கு எல்லாம் தலைகீழ்: வெயில் ஆகாது, மேகம்தான் நல்லது. கல்லில் எடுப்பவரின் உருவமே விழும் என்பதால் அவருக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்து நிற்பார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். காவலரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எழுத்தின் நடு உயரத்துக்குக் குனிந்து, கல்லுக்கு நேர் எதிரே நின்று எடுப்போம். மேலிருந்து சாய்த்து எடுத்தால் அடிவரிகள் குறுகிப்போகும், தேதி பெரும்பாலும் அந்த அடிவரிகளில்தான் இருக்கும்.

நாங்கள் வருகிறோம் என்று கற்களைக் கழுவி வைக்காதீர்கள். இது எங்கள் அழுத்தமான வேண்டுகோள். எழுத்தைத் துலக்க சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, சவர நுரை தடவுவது என்று பல வழக்கங்கள் பரவியிருக்கின்றன. எல்லாமே கெடுதல். சாக்பீஸ் தூள் நுண்துளைகளில் தங்குவதோடு தேய்க்கும்போது கல்லையும் அராவும். மாவு பூஞ்சைக்குத் தீனி. நுரையிலுள்ள கொழுப்பு அமிலம் துடைத்த பிறகும் போகாது. ப்ளீச் ஊற்றினால் அதன் உப்பு உள்ளே இறங்கி, காயும்போது படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கும். வினிகர், எலுமிச்சை இரண்டும் பளிங்கையும் சுண்ணாம்புக் கல்லையும் கரைப்பவை. பழைய பளிங்கு ஏற்கெனவே அமில மழையில் கரைந்து, தொட்டால் சர்க்கரைபோல் உதிரும் நிலையில் இருக்கும். அதன்மேல் கம்பி பிரஷ் பட்டால் எழுத்து போனது போனதுதான். மணற்கல் தட்டுத்தட்டாகப் பிரியும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பதையும் எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை.

உலர்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டுவோம், சருகை ஒதுக்குவோம், எழுத்தை மறைக்கும் புல்லைக் கைக்கத்தரியால் வெட்டுவோம். அவ்வளவுதான். கொடி படர்ந்திருந்தால் பிய்த்து இழுக்க மாட்டோம். வேரோடு கல்லின் தோலும் வந்துவிடும். உங்கள் பணியாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: நைலான் நூல் சுழலும் புல்வெட்டும் கருவியைக் கல்லின் அடியில் கொண்டுபோனால் விளிம்பு சிதறும். ஈய எழுத்து பதித்த கற்களில் எழுத்துகள் விழுந்து துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தத் துளைகளின் அமைப்பை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்க முடியும். தயவுசெய்து சிமென்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

90 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனமுள்ள ஒரு கருங்கல் பலகை 140 கிலோவைத் தாண்டும். சாய்ந்த கல்லைத் தொட மாட்டோம், குப்புற விழுந்ததைப் புரட்ட மாட்டோம். பட்டியல் எழுதித் தருகிறோம்; நிமிர்த்துவது தெரிந்த ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. அடக்கம் நடக்கும் நேரத்திலும், நினைவு நாள் கூட்டத்திலும் வர மாட்டோம்.

படித்தெழுதுவது தனி வேலை. இருவர் தனித்தனியே படித்து எழுத, மூன்றாமவர் ஒப்பிடுவார். கல்லில் பிழை இருந்தால் பிழையோடே எழுதுவோம், ஐயமான இலக்கத்துக்குக் கேள்விக்குறி இடுவோம். ஆங்கில இலக்கங்களில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம் மாறிப்போகும். பழைய தமிழ்க் கற்களில் ௧ என்பது க என்றும் ௮ என்பது அ என்றும் படிக்கப்பட்டுவிடும். 1852 என்பதை ௧௮௫௨ என்றும் எழுதுவார்கள், ௲௮௱௫௰௨ என்றும் எழுதுவார்கள். ஆண்டு "சித்திரபானு" என்று மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது; எந்தச் சித்திரபானு என்று உங்கள் அடக்கப் பதிவேடுதான் சொல்லும். கல்லை மட்டும் நம்பவும் முடியாது. இறந்து பல ஆண்டுகள் கழித்து நட்ட கல்லில் தேதி தவறியிருக்கலாம். வேறெங்கோ அடக்கமானவருக்கு இங்கே வெறும் நினைவுக்கல் இருக்கலாம். படத்தையும் பதிவேட்டையும் எதிரெதிரே வைத்தால்தான் இது தெரியவரும்.

உயிரோடு இருக்கும் துணைவரின் பெயரும் பிறந்த தேதியும் முன்கூட்டியே பொறித்த கற்கள் உண்டு. அந்தப் படங்களை வெளியிட மாட்டோம். அண்மையில் அடக்கமானவர்களின் குடும்பம் வேண்டாமென்றால் அந்தப் படங்களையும் நீக்கிவிடுவோம்.

படங்கள் எங்கே போகும் என்று கேட்பீர்கள். 1995-இல் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ், 2011-இல் வந்த பில்லியன் கிரேவ்ஸ் போன்ற கல்லறைத் தகவல் இணையதளங்களில் ஏற்றுவோம். ஆனால் தளங்கள் கைமாறும். ஃபைண்ட் எ கிரேவை 2013-இல் ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்று நிறுவனம் வாங்கியது. அதனால் குறையாத ஒரு முழுத் தொகுப்பை உங்கள் அலுவலகத்திலும் வைப்போம். பதிவேடு கரையான் அரித்துப்போனால் உங்களுக்கே அது உதவும்.

மனைகளை மறுபடி பயன்படுத்தவோ, பாதை அகலப்படுத்தவோ கற்களை அகற்றப்போகிறீர்கள் என்றால், அறிவிப்பு ஒட்டும் நாளிலேயே எங்களுக்கும் சொல்லுங்கள். கற்களை மதிலில் சாய்த்து அடுக்கிய பிறகு வந்தால் எழுத்து கிடைக்கும், இடம் கிடைக்காது.

வரைபடத்துக்காக நீங்கள் செலவு செய்ய வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் பழைய கையெழுத்து வரைபடத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாலே போதும். அதுவும் இல்லையென்றால் நாடாப் பிடித்து நாங்களே அளந்து வரைகிறோம். பிரிவுகளின் பெயரும் வரிசை எண்ணும் முறையும் தெரிந்த பழைய பணியாளர் ஒருவரை மட்டும், முதல் நாள் ஒரு மணி நேரம் எங்களோடு நடக்க அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கல்லறைக் கற்களைப் படமெடுக்கும் தன்னார்வலர்கள்