மனஸ்தாபம் என்ற சொல்

அன்பு மகளுக்கு,

முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது கோவிலில் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, தயாராகிற பேரன், மனஸ்தாபம் என்றால் சண்டைதானே என்று கேட்கிறானாம். நியாயமான கேள்வி. அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் நாமும் சொல்கிறோம். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தில் அதற்குப் பழைய பொருள். மனஸ் என்றால் மனம், தாபம் என்றால் வேக்காடு. தவம் என்ற சொல்லுக்கும் அதே 'தப்' என்ற வடமொழி வேர்தான். செய்ததை நினைத்து மனம் வேகிறது. இப்போதைய புத்தகத்தில் 'மனத்துயர் செபம்' என்று இருக்கும். பிள்ளைக்கு அது எளிது, ஆனால் அந்தச் சூடு அதில் இல்லை என்பது என் எண்ணம்.

லத்தீனில் இதற்குச் சொல் 'கொந்த்ரித்சியோ'. ஆங்கிலக் கான்ட்ரிஷன் அதிலிருந்து வந்தது. 'தெரெரே' என்றால் தேய்ப்பது, அரைப்பது. முன்னால் 'கொன்' சேர்ந்தால் முழுக்க அரைபட்டது என்று ஆகும். 51ஆம் திருப்பாடலில் 'நொறுங்கிய நெஞ்சம்' என்று படிக்கிறோமே, அதே உருவகம். அதே வேரில் 'அத்ரித்சியோ' என்று இன்னொரு சொல் உண்டு, மேலாக உரசுவது. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டுவதற்கும் அம்மியில் மைய அரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று சொல், அவனுக்குப் புரியும். நரகத்துக்குப் பயந்து வருகிற வருத்தம் தட்டியது. ஆண்டவரை நேசிப்பதால், அவருக்கு விரோதமாகச் செய்துவிட்டோமே என்று வருவது அரைத்தது. அதைத்தான் உத்தம மனஸ்தாபம் என்பது. தட்டியதையும் திருச்சபை தள்ளுவதில்லை, பாவசங்கீர்த்தனத்துக்கு அது வழிவிடும்.

1551இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை மனஸ்தாபத்துக்கு வகுத்த இலக்கணத்தில் மூன்று உண்டு: உள்ளத்தில் வேதனை, செய்த பாவத்தின் மேல் வெறுப்பு, இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம். கண்ணீர் அதில் இல்லை. அழுகை வரவில்லையே என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். மனம் திரும்பியிருந்தால் போதும் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிடு. பெரும்பாலும் தவறுவது வேறு இடத்தில்: மாட்டிக்கொண்ட வெட்கத்தை மனஸ்தாபம் என்று நினைப்பது. யாருக்கும் தெரியாமல் போயிருந்தாலும் வருந்துவாயா என்று கேட்டுப் பார், பிடிபட்டுவிடும்.

மூன்றாவது அம்சமான தீர்மானம் குறளிலும் இருக்கிறது, 655ஆவது: 'எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று.' செய்துவிட்டால் அதுபோல் மறுபடி செய்யாதே என்று மணக்குடவர் உரை. செய்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து இரங்காதே என்கிறார் பரிமேலழகர். எனக்கு மணக்குடவர்தான் ஒப்பு. இரங்காமல் விட்டால் மறுபடி செய்யாதிருக்க எது தடுக்கும்?

ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் பாடத்தில், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை இப்படி: பாவங்களை நினைப்பது, மனஸ்தாபப்படுவது, தீர்மானம் எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதம் தீர்ப்பது. 'இனி நல்ல பிள்ளையாக இருப்பேன்' என்று தீர்மானம் எடுத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. 'தங்கச்சியை அடிக்கத் தோன்றினால் அறையை விட்டு வெளியே போய்விடுவேன்' என்று ஒரே காரியமாகச் சொல்லவை. பிறர் பொருளை எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இவன் பங்குக்கு ஒரு பென்சில் இருந்தாலும் சரி, முடிந்தால் கோவிலுக்குப் போகும் முன்பே கொடுக்கட்டும். மந்திரத்தை மெதுவாக மனப்பாடம் பண்ணலாம்.

அன்புடன்,
அம்மா