டிரில் போட்டு நாசம் பண்ணுன தேக்கு பீரோ: நஷ்டஈடு கேட்டு புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். மதுரை சிம்மக்கல்ல இருந்து எழுதுறேன். உங்க ஆப்ல பூட்டு திறக்க ஆள் புக் பண்ணுனேன், வந்த தம்பி எங்க அப்பத்தாவோட தேக்கு பீரோவுல டிரில் போட்டு பூட்டையும் கெடுத்து கதவையும் கெடுத்து, கடைசி வரைக்கும் திறக்காமலே 1,450 ரூபா பில்லு வாங்கிட்டு போயிட்டாப்ல. ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டா வேலை முடிஞ்சதுன்னு டிக்கெட்டை மூடிர்றீங்க. அதான் லெட்டரா எழுதுறேன்.

புக் பண்றப்பவே போன்ல பேசுன பொண்ணுகிட்ட தெளிவா சொன்னேன். பழைய சாமான்மா, உள்ள லீவர் பூட்டு, சாவி போகுது ஆனா சுத்த மாட்டேங்குது, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, எவ்வளவு நேரம் ஆனாலும் பைய பாத்து திறக்கட்டும், டிரில் மட்டும் போடவே கூடாதுன்னு. சரிங்க சார் நோட் பண்ணிட்டேன்னாங்க. அந்த கால் உங்ககிட்ட ரெக்கார்ட் ஆகியிருக்கும், எடுத்துக் கேளுங்க. ஆனா வந்த தம்பியோட போன்ல 'டோர் லாக்'னு மட்டும்தான் இருந்துச்சு, அவரே என்கிட்ட காட்டுனாப்ல.

வந்ததும் ஸ்ப்ரேயை எடுத்து சாவி ஓட்டைக்குள்ள அடிச்சாப்ல, வேண்டாம்ங்கிறதுக்குள்ள எண்ணெய் வழிஞ்சு மரத்துல இறங்கிருச்சு. அடுத்து சாவியை பிளேயர்ல புடிச்சு திருகப் பாத்தாப்ல, பித்தளை சாவி தம்பி ஒடிஞ்சிரும்னு தடுத்தேன். அம்மாவுக்கு மாத்திரை குடுக்க உள்ள போன நேரத்துல டிரில் சத்தம். ஓடி வந்து பாக்குறேன், பிட்டு வழுக்கி சாவி ஓட்டையச் சுத்தி இருக்குற பித்தளைத் தகட்டைக் கிழிச்சு, பக்கத்துல மரத்துல ஒரு விரல் நீளத்துக்கு பள்ளமா கோடு இழுத்திருக்கு. தகட்டோட ஒரு ஓரம் மேல சுருண்டு நிக்குது, கை வச்சா அறுக்குது. எண்ணெய் இறங்குன இடம் பாலிஷுக்கு அடியில கருப்பா நிக்குது, தொடைச்சாலும் போகல.

அதுக்கப்பறம் திண்டுக்கல் நாகல்நகர்ல பூட்டு வேலை செய்யிற ஒரு அண்ணனை வரச்சொன்னேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அந்த ஊர் கைவேலை. அவரு பூட்டுப் பக்கமே போகல சார். பீரோவை செவுத்துல இருந்து நகத்தி, பின்பலகையில திருகாணியக் கழட்டி ஒரு பலகையை மட்டும் எடுத்தாரு, உள்ள கையை விட்டு இடது கதவோட மேல் கொண்டியையும் கீழ் கொண்டியையும் விடுவிச்சாரு, ரெண்டு கதவும் சேந்தாப்ல திறந்துக்கிச்சு. ரெட்டைக் கதவு பீரோவுல வலது கதவு பூட்டுறது இடது கதவோடதானே, இடதை புடிச்சு வச்சிருக்கிறது அந்த கொண்டிதான். பூட்டுக்கு ஒரு கீறல் விழாம திறந்திருக்க வேண்டிய வேலை இது.

பூட்டைக் கழட்டிக் காட்டுனாரு. சாவி சுத்துறப்ப உள்ள இருக்குற லீவர்ங்கிற சின்னத் தகடு ஒவ்வொண்ணும் அதுக்குண்டான உயரத்துக்கு ஏறுனாத்தான் கதவைப் புடிச்சிருக்குற பூட்டு நாக்கு நகரும். பழைய கிரீஸ் காஞ்சு பிசினாட்டம் புடிச்சு லீவர் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, கூடவே கீல் தளந்து கதவு இறங்குனதுல நாக்கு வேற இறுகிப்போயிருக்கு. இந்த மாதிரி நேரத்துல கதவை லேசா மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு சாவியைச் சுத்திப் பாக்கணுமாம், கிளீன் பண்ணதுக்கு அப்பறமும் எண்ணெய் விடாம பென்சில் கரித்தூள் போட்டா போதுமாம், எண்ணெய்ன்னா தூசி சேந்து மறுபடி இறுகும்னாரு. இதுல ஒண்ணைக்கூட உங்க ஆள் செஞ்சு பாக்கல. டிரில் பட்டு முதல் லீவரே நசுங்கிப்போச்சு, அதைக் கையால அராவி புதுசா செய்யணும்ங்கிறாரு.

அந்த தம்பி மேல எனக்கு கோவம் இல்ல, தயவு செஞ்சு அவர் சம்பளத்துல பிடிக்காதீங்க. பிளாட் கதவு பூட்டு மட்டும் திறக்கத் தெரிஞ்ச பையன் கையில டிரில்லைக் குடுத்து, நான் சொன்னதையும் அவருகிட்ட சொல்லாம அனுப்புனது நீங்க. பழைய மரச்சாமானுக்கு ஆள் இல்லைன்னா புக்கிங் எடுக்காதீங்க, இல்லைன்னு சொல்லிருந்தா நான் மொதல்லயே திண்டுக்கல்லுக்கு போன் போட்டிருப்பேன்.

1,450 ரூபாயைத் திருப்பிக் குடுங்க. லீவர் செய்யிற கூலி, ஆசாரி மரத்தை சரி பண்ணி அரக்கு பாலிஷ் போடுற கூலி, தகட்டுக்கு ஆகுற செலவு எல்லாம் நீங்கதான் தரணும். அதே மாதிரி தகடு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகள்ல தேடிக்கிட்டு இருக்கோம், கிடைச்சதும் பில்லு அனுப்புறேன். போட்டோ, ஆசாரியோட எஸ்டிமேட் ரெண்டும் இதோட வச்சிருக்கேன்.

பதினஞ்சு நாள்ல எழுத்துல பதில் வரணும். வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடுன்னு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடுவேன். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாம நானே போய் பேசலாம், பேசுவேன்.

இப்படிக்கு,
சிம்மக்கல் வாடிக்கையாளர், மதுரை