செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய ராணுவ ரைஃபிள் சேகரிப்போர் சங்கம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சரி, இந்த வருடம் நம்மை அதிகம் பேச வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: ஸ்னைப்பர் (ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி பூட்டிய ரைஃபிள்) என்று சொல்லி வருபவற்றில் எது அசல், எது பின்னால் செய்த வேலை?

முதலில் அந்த பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், லீ-என்ஃபீல்டு நம்பர் 4. ஸ்கோப் இல்லை, கன்னம் பதிக்கும் கட்டையும் இல்லை, பட் (தோளில் அணைக்கும் பின்கட்டை) முழுக்கப் புது வார்னிஷ், கொண்டுவந்தவரே சாதாரணத் துப்பாக்கி என்றுதான் மேசையில் வைத்தார். திருப்பிப் பார்த்தால் ரிசீவரின் (துப்பாக்கியின் நடு இரும்பு உடல்) இடப்பக்கம் ஸ்கோப் தாங்கி உட்காரும் இரண்டு இரும்புத் திண்டுகள், "டி" (T) முத்திரை, பட்டின் அடியில் மங்கலாக "எஸ்51". இரண்டாம் உலகப் போரில் நன்றாகக் குறி சேர்ந்த ரைஃபிள்களைப் பொறுக்கியெடுத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் ஸ்னைப்பராக மாற்றிக் கொடுத்தவற்றில் ஒன்று! "எஸ்51" அந்த நிறுவனத்தின் குறியீடு. ஆனால் எந்த ஸ்கோப் இதனுடையது என்று சொல்லும் எண் பட்டின் கழுத்தில் குத்தியிருக்கும், அதை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அந்த எண் இருந்திருந்தால் ஜோடி ஸ்கோப்பைத் தேடவாவது செய்திருக்கலாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் சோவியத் ரைஃபிளான மோசின்-நாகாந்த் 91/30. பளபளவென்று 3.5 மடங்கு பியூ ஸ்கோப்போடு வந்தது. போருக்குப் பின் ஸ்கோப் கழற்றிய அசல் ஸ்னைப்பர்களில் ரிசீவரின் இடப்பக்கத் துளைகளை அடைத்த தடயம் தெரியும். இதில் அது இல்லை, துளைகள் புதியவை, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடியில் வெல்டிங் வேறு; பின்னால் செய்த வேலைதான். நிறையப் பணம் கொடுத்து ஏமாந்தும், எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று கழற்றிக் காட்டிய அந்த உறுப்பினருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

அமெரிக்க ஸ்னைப்பரான எம்1903ஏ4 பற்றிப் பலர் கேட்டீர்கள். "ஏ4" என்ற முத்திரையைத் தேடாதீர்கள், ரிசீவரில் சாதாரண மாடலின் பெயரான ஏ3 என்றுதான் இருக்கும். ஸ்கோப் தாங்கி மறைக்காதபடி எழுத்துகள் இரு பக்கமும் ஒதுங்கியிருக்கிறதா, முன்குறி (குழல் நுனியில் குறிபார்க்க வைக்கும் முள்) இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரும் ஆண்டில் உறுப்பினர்களின் ரைஃபிள் முத்திரைகளைப் படமெடுத்துப் பதிவேடு தொடங்குகிறோம். அதுவரை தயவுசெய்து எந்தக் கட்டையையும் தேய்க்காதீர்கள், அழுக்கோடேயே கொண்டு வாருங்கள். உரிமம் கையில் இருக்கட்டும், போல்ட்டைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள்.

செயலாளர்