பூட்ஸ் கட்ட முடியாத காலை

பர்கூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அரூரில் நல்ல மழை என்கிறாய். இங்கே தூறல்கூட இல்லை. பெங்களூரா மாங்காயெல்லாம் கூழ் பாக்டரிக்குப் போய்விட்டது. விலையை மட்டும் கேட்காதே.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். வெலிங்டன் ராணுவப் பயிற்சியிலிருந்து போன் செய்தவன், இடுப்பு பிடித்திருக்கிறது, டிரெயினிங் கொடுக்கும் உஸ்தாதிடம் சொல்லவில்லை என்றானாமே. வலியைவிட அவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை. அவனைப்போல் நாலு வருஷத்துக்குச் சேரும் அக்னிவீர்களில், அது முடிந்ததும் 100-க்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போனால் பெயர் கெடும் என்று பயப்படுகிறான். பயம் நியாயம்தான்.

நானும் மறைத்தவன்தான், உனக்கு முழுக்கதை தெரியாது. வடக்கே என் ராணுவ டிரெயினிங்கில் முதுகில் மாட்டும் பையை 'பிட்டூ' என்போம். உள்ளே இடமில்லை என்று இன்னொரு ஜோடி பூட்ஸை வெளியே, அடியில் தொங்கவிட்டுக் கட்டினேன். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் அது இடுப்பில் இடித்தது. பை பின்னால் இழுக்க, நான் முன்னால் கூன, பாரமெல்லாம் நடு இடுப்பில் இறங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலை குனிந்து பூட்ஸ் லேஸ் கட்ட முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரன்தான் மண்டியிட்டுக் கட்டிவிட்டான். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓடினேன். கடைசியில் இடது கால் மரத்துப்போய் எம்.ஐ. ரூமில், அதாவது முகாம் மருத்துவ அறையில், கிடந்தேன். ரெலிகேஷன் என்று பின்னுக்குத் தள்ளி ஜூனியர் பேட்ச்சோடு சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே போயிருந்தால் ரெண்டு மூன்று நாள் லைட் டியூட்டியோடு முடிந்திருக்கும்.

அதனால் நாளைக் காலையே போகச் சொல். பெரும்பாலும் தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும், சில வாரத்தில் அடங்கும். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும், மெல்ல நடக்கட்டும். ஓட்டத்துக்கு முன்னால் மாத்திரை போட்டு வலியை அமுக்க வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். தொடை இடுக்கு மரத்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, நடுராத்திரி ஆனாலும் எழுப்பிச் சொல்லட்டும்.

அப்புறம் பிட்டூ. கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டைக்கு நடுவே இருக்க வேண்டும். பட்டையை இழுத்துக் கட்டினால் பை ஆடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ரொம்ப நாள் கழித்து ஒரு சீனியரைப் பார்த்துக் கற்றேன்.

லீவில் வந்தால், காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்று உன் அம்மா கூட்டிப் போவார்கள். தயவுசெய்து தடுத்துவிடு. நொச்சி ஒத்தடம் வேண்டுமானால் கொடுக்கட்டும், இதமாக இருக்கும்.

நீலம் மாம்பழம் ஒரு கிரேட் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏற்றி அனுப்ப மாட்டேன், நீயே வந்து தூக்கிக்கொண்டு போ. மழைக்காலம் வந்தால் அந்த இடது கால் எனக்கு இன்னும் மரக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்